தொட்டித் தண்ணீரின் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. 1979-இல் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தேன். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாலோடும் ஐஸோடும்தான் என் வாழ்க்கை போயிற்று. சங்கச் செயலாளர் போன் செய்து, "மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி இருபது நிமிஷம் ஏதாவது பேசுங்க" என்றார். எனக்குத் தெரிந்ததே ஒரே ஒரு சூத்திரம். அதைப் பற்றியே பேசிவிடுகிறேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பில்லை. நானும் இதே ஹாலில் தூங்கியவன்தான்.

அந்தச் சூத்திரம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பிளஸ் ஒன்னிலேயே வந்துவிடும்.

வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம்

ஒரு பொருளைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ எவ்வளவு வெப்பம் கொடுக்க வேண்டும் அல்லது எடுக்க வேண்டும் என்பதற்கு இந்த மூன்றையும் பெருக்கினால் போதும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி. இன்றைய அளவில் 4.186 கிலோ ஜூல். அலுமினியத்துக்கு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, இரும்புக்கு ஒன்பதில் ஒரு பங்கு, செம்புக்குப் பதினொன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். தண்ணீர் சூடாவதற்கும் அடம் பிடிக்கும், ஆறுவதற்கும் அடம் பிடிக்கும். மே மாத மத்தியானத்தில் மெரினா மணலில் கால் வைக்க முடியாது, ஆனால் அலையில் நின்றால் குளுகுளு என்று இருக்கிறதே, அதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாளியில் 20 லிட்டர் தண்ணீர். காலையில் 25 டிகிரி. குளிக்க 45 டிகிரி வேண்டும். 20 × 4.186 × 20 போட்டால் 1,674 கிலோ ஜூல். மின்சார வாரியம் ஒரு யூனிட் என்று சொல்வது 3,600 கிலோ ஜூல். ஆக, ஒரு குளியலுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 1,500 வாட் ஹீட்டர் ராடு போட்டால் பதினெட்டரை நிமிஷம். வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். இருபது, இருபத்திரண்டு நிமிஷம்கூட ஆகலாம். அந்தக் கூடுதல் நிமிஷங்கள் எங்கே போயின? இந்தக் கேள்விதான் என் பேச்சு முழுக்க.

இந்தக் கேள்வியை எனக்கு முதலில் கேட்டவர், இங்கே எங்களுக்கு ப்ராக்டிகல் எடுத்த சார். இரண்டாம் ஆண்டில் கலவை முறைப் பரிசோதனை. ஒரு உலோகக் குண்டை நீராவியில் சூடாக்க வேண்டும். கலோரிமீட்டரில் இருக்கும் தண்ணீரில் அதைச் சட்டென்று போட்டு, கலக்கி, ஏறுகிற வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். குண்டு இழந்த வெப்பம், தண்ணீர் பெற்ற வெப்பம், இரண்டும் சமம் என்று எழுதி, குண்டின் தன்வெப்பத்தைக் கண்டுபிடித்து, பெருமையாக நோட்டை நீட்டினேன். சார் பார்த்தார். சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு.

"ஏம்ப்பா, தண்ணி சூடாச்சு, சரி. பாத்திரம் சூடாகலையா?"

கலோரிமீட்டரும் செம்புதானே சார், 60 கிராம்தானே, அது என்ன பெரிசா குடிச்சிடப் போவுது என்றேன். 60 கிராம் செம்பு என்பது ஐந்தரை கிராம் தண்ணீருக்குச் சமம். சார் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் மறுபடி செய்யச் சொன்னார். பத்துக்கு ஆறு போட்டார். எங்கள் பேட்ச் முழுக்க அவருக்கு வைத்த பெயரே 'பாத்திரம் சார்' என்பதுதான். இங்கே சிரிக்கிறவர்கள் எல்லாம் எங்கள் செட் என்று தெரிகிறது.

அந்தச் சிவப்புக் கோட்டின் விலை என்ன என்று எனக்குச் சில வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1981, மே மாதம். கொங்குப் பக்கம் ஒரு கிராமத்தில் பால் குளிரூட்டும் நிலையம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாலைப் பால் சுமார் ஆயிரம் லிட்டர் வரும். இரவு குளிர வைத்து, காலை லாரியில் டெய்ரிக்கு அனுப்புவோம். ஒரு நாள் காலை கம்ப்ரஸர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. சரிசெய்ய மூன்று நாள் ஆகும். மேலே இருந்த அதிகாரி சொன்னார்: "தம்பி, நீ பிசிக்ஸ் படிச்சவன்தானே? சிமெண்ட் தொட்டியில கேனை இறக்கி ஐஸ் போட்டுச் சமாளி. எத்தனை பார் வேணும்னு கணக்குப் போட்டு ஐஸ்காரருக்குச் சொல்லிடு."

எனக்கு ஒரே பெருமை. பால் ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆயிரம் லிட்டர் பால், எடை 1,030 கிலோ. பாலின் தன்வெப்பம் 0.93. பால் 28 டிகிரியில் வரும். 10 டிகிரிக்கு இறக்கினால் காலை வரை தாங்கும். இறக்க வேண்டியது 18 டிகிரி.

1,030 × 0.93 × 18 = சுமார் 17,240 கிலோ கலோரி.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரியை இழுத்துக்கொள்ளும். உருகின தண்ணீர் பூஜ்யத்திலிருந்து 10 டிகிரிக்கு வரும்போது இன்னும் பத்து. ஆக 90. வகுத்தால் 192 கிலோ. ஒரு பார் 50 கிலோ. நான்கு பார் சொல்லிவிட்டேன். உள்ளுறை வெப்பத்தை மறக்கவில்லை, உருகின தண்ணீரையும் மறக்கவில்லை, பார்த்தீங்களா என்று எனக்குள்ளேயே ஒரு சந்தோஷம்.

மாலை ஐஸ் வந்தது. உமி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இருபத்தைந்து கேன்களை இறக்கி, ஐஸை உடைத்துப் போட்டோம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு துண்டு ஐஸ் இல்லை. கேனுக்குள் தெர்மாமீட்டரை விட்டால் 24 டிகிரி. பத்து மணிக்கும் 24. அந்த நேரத்தில் டவுனுக்குப் போய் ஐஸ் வாங்க வண்டி கிடையாது. போனும் கிடையாது. கேன் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

காலையில் டெய்ரியில் சோதனைக் குழாயில் பாலைக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். திரிந்துவிட்டது. ஒரு கேன்கூடத் தேறவில்லை. ஆயிரம் லிட்டரும் திரும்பி வந்தது.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? ஐஸ்காரர் எடையில் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றியது. அதையே அதிகாரியிடமும் சொன்னேன். ஐஸ்காரரைக் கூப்பிட்டு விட்டார்கள். அவருக்கு ஐம்பது வயசிருக்கும். சங்கத்து வாசலில் அத்தனை பேர் முன்னால் நின்றார். "என் பார்ல ஒரு கிலோ குறைஞ்சாக்கூட என்னைக் கேளுங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் நம்பவில்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டியம்மா. ஒரே ஒரு எருமை, மாலையில் மூன்று லிட்டர் ஊற்றுவார்கள். என்னிடம் வந்து, "ஏனுங் தம்பி, ஐஸு போட்டீங்கல்ல, அப்புறம் எப்படிங் திரிஞ்சுது?" என்று கேட்டார்கள். கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி அறையில் உட்கார்ந்து அந்த ரசீதை மறுபடி எடுத்தேன். பெருக்கல் சரி. வகுத்தல் சரி. ஐஸின் 80 சரி. அப்புறம்தான் இங்கே ப்ராக்டிகல் ஹாலில் கேட்ட குரல் கேட்டது. பால் குளிர்ந்தது, சரி. தொட்டித் தண்ணி குளிரலையா?

தொட்டியில் நான் விட்ட தண்ணீரே ஆயிரம் லிட்டர். மே மாதம், 30 டிகிரியில் இருந்தது. அதையும் 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தானே உள்ளே இருக்கும் பால் 10 டிகிரிக்கு வரும்? அதற்கு மட்டும் 1,000 × 1 × 20, அதாவது 20,000 கிலோ கலோரி. பாலுக்கு என்று நான் போட்ட மொத்தக் கணக்கைவிட அது அதிகம்!

அதோடு முடியவில்லை. கேன் அலுமினியம். ஒன்று எட்டு கிலோ, இருபத்தைந்து கேன் 200 கிலோ. தன்வெப்பம் 0.22. அது ஒரு 1,100. இது சின்னத் தொகைதான்.

மூன்றாவது தப்புதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம். பால் 28 டிகிரியில் வரும் என்று எழுதினேனே, அந்த 28 எங்கிருந்து வந்தது? ஜனவரி மாதக் காலைப் பாலின் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதினது. மே மாத மாலைப் பால் கறந்த சூட்டோடு வருகிறது, 35 டிகிரி. தெர்மாமீட்டர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு கேனில் விட்டுப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் பார்க்கவில்லை.

சரியான கணக்கு இதுதான்:

பாலுக்கு 1,030 × 0.93 × 25 = 23,950
கேனுக்கு 200 × 0.22 × 25 = 1,100
தொட்டித் தண்ணீருக்கு 1,000 × 1 × 20 = 20,000
மொத்தம் சுமார் 45,000 கிலோ கலோரி.

90-ஆல் வகுத்தால் 500 கிலோ. பத்து பார்! நான் சொன்னது நாலு. பிறகு, நாலு பார் போட்டால் எத்தனை டிகிரியில் நிற்கும் என்று தலைகீழாகவும் போட்டுப் பார்த்தேன். 22 டிகிரி என்று வந்தது. என் தெர்மாமீட்டர் காட்டினது 24. மீதி இரண்டு டிகிரி காற்றிலிருந்தும் தொட்டிச் சுவரிலிருந்தும் வந்தது. கணக்கு அவ்வளவு சுத்தமாக ஒத்துப்போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐஸ்காரர் ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை என்பதற்கு அந்த 22-தான் சாட்சி.

காலையில் அதிகாரியிடம் ரசீதைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். மெமோ வந்தது, ஒரு இன்கிரிமெண்ட் போனது. சங்கம் பால்காரர்களுக்குப் பாதிப் பணம்தான் கொடுக்க முடிந்தது. மீதி யாருக்கும் வரவில்லை. பாட்டியம்மாவிடம், "ஐஸ் பத்தலைங்கம்மா, நான்தான் குறைச்சுச் சொல்லிட்டேன்" என்றேன். "சரி, இனிமே சேத்திப் போடுங்" என்று சொல்லிவிட்டு, அன்றைய பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனார்கள்.

ஐஸ்காரர் வீட்டுக்கும் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை. திண்ணையிலேயே நின்று சொன்னேன். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "எனக்குக் கணக்கெல்லாம் வராதுங் தம்பி. ஆனா மீன்காரன் ஐஸு போடறப்போ அவ்வளவு தண்ணி ஊத்த மாட்டான். உங்க தொட்டி ரொம்ப அகலம். குறுக்கால பலகை வச்சு அடைச்சு, கேனை நெருக்கி வைங்க. பாதித் தண்ணி போதும். காலைல அந்தச் சில்லுத் தண்ணியத் தொறந்து விடாம மூடி வைங்க."

நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். தண்ணீரைப் பாதியாக்கினால் பத்து பார் எட்டாகக் குறைகிறது. நேற்றைய குளிர்ந்த தண்ணீர் கையிருப்பு இருந்தால் இன்னும் குறையும். சூத்திரம் படிக்காத அந்த மனிதருக்கு, ஐஸ் எங்கே வீணாகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் அவர் சொன்னபடியே பலகை வைத்தோம். நான் ஒன்பது பார் சொன்னேன். எட்டு கணக்குக்கு, ஒன்று காற்றுக்கு. பால் தேறியது.

அன்று இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். இந்தச் சூத்திரம் 'எவ்வளவு' என்பதற்குப் பதில் சொல்லும். 'எவ்வளவு நேரத்தில்' என்பதற்குச் சொல்லாது. கேனைச் சும்மா விட்டால் ஓரத்துப் பால் குளிரும், நடுவில் இருப்பது சூடாகவே கிடக்கும். உள்ளே கோலை விட்டு அடிக்கடி கலக்க வேண்டும். கலோரிமீட்டரோடு ஒரு கலக்கி கொடுப்பார்களே, அது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

இதெல்லாம் நான் மட்டும் தடுமாறின விஷயம் இல்லை. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதையே உலகம் வெகுகாலம் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர்தான் அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பனிக்கட்டி உருகத் தனியாக நிறைய வெப்பம் வேண்டும், அப்படி இல்லாவிட்டால் வசந்தம் வந்ததும் மலைப்பனி எல்லாம் ஒரே நேரத்தில் உருகி வெள்ளமாக வந்துவிடும் என்று சொன்னார். உருகும்போது தெர்மாமீட்டர் அசையாது, ஆனால் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். நமது சூத்திரத்தில் வெப்பநிலை மாற்றம் பூஜ்யம் என்று போட்டால் விடையும் பூஜ்யம்தான் வரும். அதனால்தான் உள்ளுறை வெப்பத்தைத் தனி வரியாக எழுத வேண்டியிருக்கிறது.

தோசைக்கல்லில் இதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் செய்கிறார்கள். இரண்டு கிலோ இரும்புக்கல். கல் அதிகமாகக் காய்ந்துவிட்டால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறார்கள். பத்து கிராம் தண்ணீர் முழுக்க ஆவியானாலே கல்லின் சூடு இருபத்தெட்டு டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அதில் பத்தில் ஒன்பது பங்கு, ஆவியாவதற்கே போகிற வெப்பம்.

தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். பிற்காலத்தில் நான் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கணக்கைக் கொடுத்தால் நல்ல மார்க் வாங்கின பிள்ளைகளும் ஒரே மாதிரி இடங்களில்தான் தவறுகிறார்கள். 20 டிகிரி வித்தியாசத்தை கெல்வினுக்கு மாற்றுகிறேன் என்று 273-ஐக் கூட்டி 293 ஆக்கிவிடுவார்கள். வித்தியாசத்துக்கு எதையும் கூட்ட வேண்டாம், இரண்டிலும் 20-தான். தன்வெப்பத்தை ஜூலில் எடுத்து, உள்ளுறை வெப்பத்தை கலோரியில் போடுவார்கள். லிட்டரைக் கிலோ என்று எழுதுவார்கள். தண்ணீருக்கு அது செல்லும், எண்ணெய்க்குச் செல்லாது. இவையெல்லாம் பேப்பரிலேயே கண்டுபிடிக்கக்கூடிய தப்புகள்.

என் தப்பு பேப்பரில் இல்லை. பேப்பரில் வராத தொட்டியில் இருந்தது. இன்று பெருக்கவும் வகுக்கவும் போனும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன, நிமிஷத்தில் செய்து தருகின்றன. நாம் கொடுத்த எண்களை வைத்துத்தான் செய்யும். ஜனவரி ரிஜிஸ்டரைப் பார்த்து 28 என்று கொடுத்தால் அதற்கும் சுத்தமாக விடை வரும். ஆகவே, கணக்கைத் தொடங்கும் முன் இடத்துக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இங்கே எதெல்லாம் சூடாகப் போகிறது, எதெல்லாம் குளிரப் போகிறது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. சின்னதாக இருந்தால், எவ்வளவு சின்னது என்று போட்டுப் பார்த்த பிறகு தள்ளுங்கள். பார்க்காமல் தள்ளாதீர்கள். விடை நடப்போடு ஒத்துவராவிட்டால், அடுத்தவர் மேல் பழி போடும் முன் உங்கள் ரசீதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

இதை நான் எங்கள் சாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டேன். நான் வந்தபோது அவர் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அதே மர பெஞ்சு. அலமாரியில் எங்கள் காலத்துச் செம்புக் கலோரிமீட்டர்கள் மூன்று இன்னும் இருக்கின்றன. கம்பளி உறை கிழிந்திருக்கிறது, கலக்கி இரண்டுக்கு இல்லை. ஒரு பெஞ்சுக்கு எட்டு மாணவர்கள் நிற்கிறார்கள். ஒருவர் செய்ய, ஏழு பேர் விடையைப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஏழு பேரில் யாருக்கோ ஒருநாள் ஒரு தொட்டி காத்திருக்கும். எங்கள் 1979 செட் சார்பில் பன்னிரண்டு முழு செட் கலோரிமீட்டர்களும் தெர்மாமீட்டர்களும் வாங்கித் தருவதாக, வரும் வழியிலேயே வண்டியில் பேசி முடிவு செய்துவிட்டோம். மற்ற செட்காரர்கள் தராசுகளைக் கவனித்துக்கொண்டால் நன்றாக இருக்கும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், டீ இடைவேளையில் சங்கச் செயலாளரைப் பாருங்கள்.